நேரடி ஆட்டத்திற்கு நாம் கொடுக்கும் விலை



டிக்கோயாவில் எந்த மேட்டில் நின்று பார்த்தாலும் கூரைகளின் மேல் டிஷ் அன்டெனாக்கள் தெரியும். அவற்றின் வழியே ஐரோப்பிய உதைபந்தாட்டம் நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ரீலோட் தீர்ந்தால் படம் நின்றுவிடும். அந்தப் பணம் எந்தச் செலவிலிருந்து பிடுங்கப்படுகிறது என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கும் உங்களுக்கே நன்கு தெரியும்.

இந்த வியாபாரம் வளர்ந்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்துக்கென்று தனியே காசு அறவிடும் முறை, 1999 பெப்ரவரியில் ஒக்ஸ்போர்ட் யுனைடெட், சண்டர்லேண்ட் அணிகள் மோதிய ஆட்டத்துடன் தொடங்கியது. கட்டணம் 7.95 பவுண். அன்று ஒரு கோல்கூட விழவில்லை! 2001இல் ஸ்கை நிறுவனம் இதற்கென்றே 'பிரிமியர்ஷிப் பிளஸ்' என்ற அலைவரிசையைத் தொடங்கியது. தொடக்கத்தில் பருவமொன்றுக்கு 40 ஆட்டங்கள். மாதச் சந்தா கட்டிய வீடும் இவற்றுக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டியிருந்தது. 2007இல் அந்த அலைவரிசை மூடப்பட்டது.

இவ்வளவு விலை ஏன்? காலையில் பறித்த கீரைக்கு மாலையில் விலை இல்லை அல்லவா? நேரடி ஆட்டமும் அப்படித்தான். இரண்டு மணித்தியாலம் கடந்தால் யார் வென்றார் என்பதை எல்லோரும் இலவசமாக அறிந்துகொள்வார்கள். நாம் காசு கொடுப்பது ஆட்டத்துக்கு மட்டுமல்ல, காத்திருக்க முடியாத நம் மனதுக்கும்தான்.

ஆனால் விற்பவர் சொன்னதே விலை என்றும் எண்ண வேண்டாம். கொரோனாக் காலத்தில் மைதானங்கள் ரசிகர்களுக்கு மூடப்பட்டிருந்தபோது, 2020 ஒக்டோபரில் ஆங்கிலப் பிரிமியர் லீக் சில ஆட்டங்களுக்கு 14.95 பவுண் கட்டணம் வைத்தது. நியூகாசில் அணியின் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் காசை ஆட்டத்துக்குக் கட்டாமல், தங்கள் ஊரில் ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்குக் கொடுத்தார்கள். வேறு அணிகளின் ரசிகர்களும் அதே வழியில் சென்றார்கள். அடுத்த மாதமே அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. ஆட்டத்தை உயிராய் நேசித்தவர்களே அதை விட்டுக்கொடுத்தார்கள். பசித்தவர் வயிறும் நிறைந்தது.

நமக்கு இன்னொரு செலவும் உண்டு. அது தூக்கம். குளிர்காலத்தில் அங்கே பிற்பகல் 3 மணி ஆட்டம் இங்கே இரவு 8.30க்கு. ஆனால் வாரநடுவில் அங்கே இரவு 8 மணிக்கு நடக்கும் ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டி 1.30க்கு! அது முடிந்து படுத்த பிள்ளையை ஸுபஹ் தொழுகைக்கு எழுப்புவதும், பாடசாலைக்கு அனுப்புவதும் யார் பொறுப்பு? உம்மாவின் பொறுப்புத்தானே!

விளையாட்டைப் பார்ப்பது குற்றமல்ல. எரிந்து விழுவதாலும் பயனில்லை. மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுடன் உட்கார்ந்து, எந்த ஆட்டங்கள், எவ்வளவு காசு என்று முடிவு செய்யுங்கள். பெரிய ஆட்டமென்றால் அயல்வீட்டாரோடு ஒரே வீட்டில் கூடிப் பார்க்கலாம். பின்னிரவு ஆட்டத்தின் கோல்களைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். ஹட்டன் டன்பார் மைதானத்தில் நம் பிள்ளைகள் ஆடும்போது வாப்பாமாரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதுவும் நேரடி ஆட்டம்தான். உம்மாவும் வாப்பாவும் பார்த்துக்கொண்டிருக்கப் போட்ட கோலை எந்தப் பிள்ளையும் மறக்காது.