நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை

அறிவியல் கண்காட்சி மேசையில் ஓடும் சின்ன ரோபோ காரைப் பலரும் பார்த்திருப்போம். மஞ்சள் நிற கியர் மோட்டார் இரண்டு, ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, உருளை வடிவ லித்தியம் பேட்டரி இரண்டு. சுவரை நெருங்கினால் நிற்கிறது, பின்வாங்குகிறது, திரும்பி ஓடுகிறது. புத்தி நிரலுடையதுதான். ஆனால் அது சொல்வதைச் சக்கரம் கேட்க வேண்டுமே! அதற்காக இடையில் இருக்கும் மின்சுற்றில் நடப்பவை ஒவ்வொன்றும் வியப்பு.

முதல் சிக்கல், பசி. ஊனோவின் ஒரு முனை சிரமமின்றித் தரக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். மோட்டாரோ சுமையே இல்லாமல் சுற்றும்போதும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் 1,000 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். காரணம் அழகானது. சுற்றும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் மாறி, வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர். நிற்கும் மோட்டாரில் இந்த எதிர்ப்பு இல்லை. அதனால் கிளம்பும் நொடியில்தான் பசி உச்சம்.

அந்த இழுப்பில் பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. மூளையான ஊனோவுக்கு வரும் அழுத்தம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால், தாறுமாறாக இயங்குவதைவிட மேல் என்று ஊனோவின் சிப் தன்னைத்தானே நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கும். கிளம்பிக் கிளம்பி நின்றுபோகும் ரோபோக்களில் பல, நிரல் பிழையால் நிற்பவை அல்ல. எனவே மூளைக்கும் மோட்டாருக்கும் மின்வழி தனித்தனி. கிரவுண்டு மட்டும் பொது.

மூளையின் வழியில் வேண்டியது 5 வோல்ட். இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து தருவது 7.4. பழைய 7805 சிப் மிச்சத்தைச் சூடாக்கியே கழிக்கும். மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வீண். எல்எம்2596 சிப் வேறு வழி பிடிக்கிறது. மின்சாரத்தை நொடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. ஒரு கம்பிச்சுருள் அந்தத் துண்டுகளைக் காந்தப் புலமாகச் சேமித்து, சீரான 5 வோல்ட்டாக விடுகிறது. வீணாவது வெகுவாகக் குறைகிறது.

மோட்டார் வழியில் இருப்பது எல்298என் சிப்புக்குள் அமைந்த எச் பாலம். ஆங்கில எச் எழுத்தின் நான்கு கால்களிலும் நான்கு டிரான்சிஸ்டர் சுவிட்சுகள், நடுக்கோட்டில் மோட்டார். ஒரு மூலைவிட்ட ஜோடி மின்சாரத்துக்கு வழி திறந்தால் முன்னால் ஓடும். மற்ற ஜோடி திறந்தால் பின்னால் ஓடும். கீழிரண்டையும் மட்டும் திறந்தால், சுற்றும் மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் அதற்குள்ளேயே பாய்ந்து சுழற்சியை எதிர்க்கும். பிரேக் கட்டை இல்லாமலே பிரேக்! ஒரே பக்கத்து மேலும் கீழும் சேர்ந்து திறந்தால் மட்டும் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். சிப்பின் உள்ளமைப்பே அதற்கு இடம் தராது.

வேகத்தைக் குறைப்பது எப்படி? அழுத்தத்தைத் தொடவே வேண்டாம். ஊனோ நொடிக்கு சுமார் 490 முறை மோட்டாரைப் போட்டு அணைக்கிறது. போட்டிருக்கும் நேரம் பாதியென்றால் மோட்டாருக்குக் கிடைக்கும் சராசரி அழுத்தமும் பாதி. இந்த நேரத்தை 0 முதல் 255 வரை 256 படிகளில் மாற்றலாம். இதுவே துடிப்பு அகலப் பண்பேற்றம். அணைத்த பின்னும் சற்று நேரம் சுற்றும் மின்விசிறிபோல, சக்கரமும் ஒவ்வோர் இடைவெளியையும் தன் வேகத்தாலேயே கடந்துவிடுகிறது.

ஒவ்வோர் அணைப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. மோட்டாரின் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென நிற்க மறுக்கும். வழி அடைபட்டால் அழுத்தம் எகிறி டிரான்சிஸ்டரையே கொன்றுவிடும். எல்298என் சிப்பைத் தாங்கும் சிவப்புப் பலகையை உற்றுப் பாருங்கள்: சிப்பை ஒட்டி எட்டுச் சிறு கருப்பு டையோடுகள். மோட்டாருக்கு நான்கு வீதம், அந்த மின்னோட்டம் திரும்பிப் போக வழி விடுபவை இவை.

இங்கேதான் முழுக் கதையும் ஒன்றுசேர்கிறது. அடைத்தால் சிப்பைக் கொல்லும் அதே பிடிவாதம், வழி விட்டால் மோட்டாருக்கு மின்னோட்டம் அறுந்துவிடாமல் காக்கிறது. எல்எம்2596 பக்கத்துச் சுருளில் அதே பிடிவாதம்தான் 5 வோல்ட்டைச் சீராக்குகிறது. சுவிட்சும் சுருளும் சேர்ந்தால் வேகம், திசை, பிரேக், மூளையின் உணவு எல்லாம் கைக்குள் வந்துவிடும். ரோபோ கட்டத் தொடங்கும் பிள்ளைகள் நிரலுக்குத் தரும் ஆசையில் பாதியை இந்தச் சுற்றுக்கும் தரட்டும். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் நகர்த்திக்காட்டுவது இதுதான்.