உண்டியலும் வணிக கோர்ட்டும்

கொல்கத்தாவில் புர்ராபஜார் என்று ஒரு பெரிய சந்தை உண்டு. அங்கே எல்லாம் மொத்த வியாபாரம். வெகுகாலமாகச் சரக்கு கடனுக்குத்தான் கைமாறியது. வாய்ச்சொல்லே பத்திரம்.

பெரிய தொகைக்கு உண்டியல் எழுதுவார்கள். கோயில் உண்டியல் அல்ல! "இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுங்கள்" என்று ஒரு வியாபாரி வெளியூர் வியாபாரிக்கு எழுதும் சீட்டு. காட்டிய உடனே பணம் தரவேண்டிய உண்டியல் ஒன்று. தவணை சொன்ன உண்டியல் ஒன்று. ஜோக்மி உண்டியல் என்றும் ஒன்று உண்டு. சரக்கு வந்து சேர்ந்தால்தான் அதற்குப் பணம். வழியில் கப்பல் மூழ்கினால் பணம் கிடையாது. நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டியலில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள்தான்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1872-ல் ஒப்பந்தச் சட்டம் வந்தது. 1881-ல் காசோலை, உண்டியல் போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் வந்தது. அவை பழைய வழக்கத்தை அடியோடு ஒழிக்கவில்லை. நம் மொழிகளில் எழுதிய உண்டியலுக்கு ஊர் வழக்கம் செல்லும் என்று 1881 சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

பிறகு தனி கோர்ட்டுகள் வந்தன. வங்கிக் கடனை வசூலிக்கும் தீர்ப்பாயம் 1994-ல் கொல்கத்தாவில் அமைந்தது. 2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. முதலில் ஒரு கோடி ரூபாய் வழக்குகளுக்குத்தான் அது. 2018-ல் 3 லட்சம் ரூபாய் என்று குறைத்தார்கள். சிறிய கடைக்காரரும் அதற்குள் வந்துவிட்டார்.

ஒரு சேலை வியாபாரி 4 லட்சம் ரூபாய் சரக்கைக் கடனாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வரவில்லை. வழக்குப் போடும்போதே தம்மிடம் உள்ள ஆவணங்களை எல்லாம் கொடுக்க வேண்டும். அவரிடம் கணக்கு நோட்டு மட்டும் இருக்கிறது. அது போதாது. நோட்டில் எழுதியது மட்டுமே ஒருவரைக் கடனாளி ஆக்காது என்பது பழைய சாட்சியச் சட்டம். 2023-ல் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. வாங்கியவர் கையெழுத்துப் போட்ட பில் ஒன்று இருந்தால் கதையே வேறு.

எதிராளிக்கும் கெடு உண்டு. சம்மன் கிடைத்து 30 நாளில் பதில் தர வேண்டும். மிஞ்சினால் 120 நாள். அதற்குப் பிறகு பதிலை வாங்க மாட்டார்கள். வாய்தா வாங்கியே வருடங்களை ஓட்டியவர்களுக்கு இது கசப்புத்தான். கடன் கொடுத்தவருக்கு நல்லது. ஆனால் சம்மனைப் படிக்காமல் பரணில் போட்டவரும் இதில் மாட்டிக்கொள்வார்.

பழைய பஜார் வழக்கம் ஒன்று வேறு வழியாகத் திரும்பியும் வந்திருக்கிறது. அவசர உத்தரவு கேட்கும் வழக்கைத் தவிர, மற்றவற்றில் முதலில் சமரசம் பேச வேண்டும். அன்று பஜாரில் பெரியவர் முன்னால் பேசி முடித்தார்கள். இன்று சமரசர் முன்னால் பேசுகிறார்கள். முடிந்ததை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டுத் தீர்ப்பைப் போலவே அதை அமல்படுத்தலாம்.