வைத்தியருக்குச் சான்று பகர்வோர்

நம் நாட்டில் ஓர் இளைஞன் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தன் நன்னடத்தைக்குச் சான்று வேண்டிப் பாடசாலை அதிபரையும், சமாதான நீதவானையும், கோயில் தருமகர்த்தாவையும் நாடிச் செல்வது வழக்கம். அன்னார் எழுதிக் கொடுக்கும் நற்சான்றிதழ்கள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவை போலவே இருக்கும். பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். இவ்வழக்கத்திற் பழகிய வைத்தியர் ஒருவர், கடல் கடந்து சென்று விசேட நிபுணராகப் பதிவு பெற முயலும்போது, அங்கே சான்று என்பதன் பொருளே வேறென்று காண்கின்றார்.

ஐக்கிய இராச்சியத்தில் வைத்தியர்களைப் பதிவு செய்யும் அதிகாரம், 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தினால் தோன்றிய பொது மருத்துவ சபைக்கு உரியது. அச்சபை விசேட நிபுணர் பதிவேடு ஒன்றைப் பேணி வருகின்றது. 1997ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், அப்பதிவேட்டிற் பெயர் இல்லாத எவரும் தேசிய சுகாதார சேவையில் ஆலோசக நிபுணராக நிரந்தர நியமனம் பெற இயலாது. பதிற்கடமை பார்க்கத் தடையில்லை. ஆகவே, நிபுணருக்குரிய பொறுப்பனைத்தையும் சுமந்துகொண்டு, அப்பதவி மட்டும் கைகூடாமல் ஆண்டுக்கணக்காக உழைப்பதும் நேரக்கூடும்.

அந்நாட்டிலேயே முறையான நிபுணத்துவப் பயிற்சியை நிறைவு செய்தவருக்கு வழி நேரானது. பிற நாடுகளிற் பயின்றவர்களும், பயிற்சிப் பதவியல்லாத பதவிகளில் அனுபவம் பெற்றவர்களும் தம் ஆற்றலை ஆவணங்களால் நிலைநாட்டுதல் வேண்டும். முன்னர், அந்நாட்டுப் பயிற்சியை நிறைவு செய்தவருக்குத் தாம் ஈடானவர் என்று காட்ட வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி தொடக்கம், நிபுணராகக் கடமையாற்றுதற்கு வேண்டிய அறிவும் திறனும் அனுபவமும் உளவா என்பதே அளவுகோலாயிற்று. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அமையும் அவ்வாவணங்களை அத்துறையின் நிபுணர்கள் ஆராய்ந்து மதிப்பிட, முடிவைச் சபை அறிவிக்கின்றது. மதிப்பிடுவோர் விண்ணப்பதாரியை நோயாளியின் அருகில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் கூறும் சான்றே அவர்களுக்குக் கண்ணாக அமைகின்றது.

ஓர் எடுத்துக்காட்டினாற் பொருள் விளங்கும். இலங்கையிற் பட்டம் பெற்ற மயக்கமருந்து வைத்தியர் ஒருவர், இங்கிலாந்தின் மாவட்ட வைத்தியசாலையொன்றில் எட்டாண்டுகள் கடமையாற்றியுள்ளார் என்று கொள்வோம். சான்றுரைக்க யாரைக் கேட்கலாம் என எண்ணும்போது, முதலில் அவர் நினைவுக்கு வருபவர் தமக்குக் கற்பித்த புகழ்பெற்ற பேராசிரியர். அப்பெரியார் மகிழ்வோடு எழுதுவார்; ஆனால் அவர் எழுதக்கூடியது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த மாணவியைப் பற்றியே. இன்றைய வைத்தியரை அவர் அறியார். அடுத்து நினைவுக்கு வருபவர் வைத்தியசாலையின் மருத்துவப் பணிப்பாளர். அவரை விலக்க வேண்டுவதில்லை. பதவி, கடமைகள், முறைப்பாடுகள், நேர்மை ஆகியவற்றை அதிகாரபூர்வமாகக் கூறவல்லவர் அவரே. ஆயினும், நள்ளிரவில் அவசர சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இவ்வைத்தியர் எவ்வாறு மயக்கமருந்து கொடுத்தார், குருதியழுத்தம் வீழ்ந்தபோது என்ன செய்தார், உதவியை எப்போது அழைத்தார் என்பன பணிப்பாளரின் மேசைக்கு வருவனவல்ல. அவற்றை அறிந்தவர், அன்றிரவு அருகில் நின்ற ஆலோசக நிபுணர். அவர் பெயர் வைத்தியசாலை மதிலுக்கு வெளியே எவருக்குந் தெரியாதிருக்கலாம். சான்றாளருள் முதலிடம் அவருக்கே உரியது.

அவரும் எல்லாவற்றையும் கண்டவராகார். மயக்கமருந்துத் துறையில் மகப்பேறு, குழந்தைகள், தீவிர சிகிச்சை, நோவு தணித்தல் எனப் பல கூறுகள் உள. ஒரே சத்திரசிகிச்சைக் கூடத்தைச் சேர்ந்த மூவர் ஒரே செய்தியை மூன்று முறை எழுதுவதினும், வெவ்வேறு கூறுகளைக் கண்ட மூவர் எழுதுவது பயனுடையது. சான்றுரைப்போர் தாமே அப்பதிவேட்டில் இடம்பெற்றவராயின் இன்னும் நன்று. புதிதாய் நிபுணரானவரோடு விண்ணப்பதாரியை ஒப்பிட்டு, இவர் எந்நிலையில் உள்ளார் என அவர்களாற் கூற முடியும். அண்மைக் காலத்தில் இலங்கையிற் செய்த சேவையையும் காட்ட விரும்புபவர் அங்குள்ள மேலதிகாரியையும் கேட்கலாம். ஆனால் அவ்விடத்துக் கடமை எத்தகையது, விடுதியில் எத்தனை நோயாளர், பொறுப்பு யாருடையது என்பனவற்றை அவர் விளக்கி எழுதுதல் வேண்டும். இலண்டனில் இருந்து வாசிப்பவர் அவற்றை ஊகித்தறியார். கணவன், மனைவி, உறவினர், தொழிற் பங்காளி ஆகியோர் எத்துணைத் திறமை கண்டவராயினும் விலக்கத்தக்கவர்.

கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. "எழுதித் தருவீர்களா?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே மறுப்பவர் அரியர். "என் வேலையைப் பற்றி விரிவாக எழுத உங்களால் இயலுமா?" என்று கேட்டால் மறுமொழி வேறாகலாம். பிரித்தானிய வைத்தியர் ஒருவர் சான்றுரைக்கும்போது உண்மையும் நடுநிலையும் பேணுவதற்குக் கடமைப்பட்டவர். ஒருவரின் திறமைக்கும் ஒழுக்கத்துக்கும் தொடர்புடைய குறைகளை மறைத்துப் புகழ்மாலை சூட்டுதல் அவருக்கே தீங்காய் முடியலாம். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இக்கண்டிப்பு நியாயமானதே. ஆகவே, தயங்கி மறுப்பவர் உதவியே செய்கின்றார் எனலாம்.

உடன்பட்டவருக்குத் தொழில் விவரக் குறிப்பையும், செய்த சிகிச்சைகளின் சுருக்கத்தையும், அத்துறைக்கெனச் சபை வெளியிட்டுள்ள வழிகாட்டலையும் அனுப்புதல் முறையாகும். வாசகங்களை எழுதிக் கொடுத்தல் கூடாது. இரண்டு அறிக்கைகளில் ஒரே சொற்றொடர் தோன்றினால் இரண்டும் ஐயத்துக்குள்ளாகும். அறிக்கையைச் சபையே நேரிற் கேட்டுப் பெறுவதால், சான்றாளரின் உத்தியோக மின்னஞ்சல் முகவரி சரியாக இருத்தல் அவசியம். அவர் ஓய்வுபெறவோ வேறு வைத்தியசாலைக்கு மாறவோ போகின்றாரா என்பதையும் முற்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். அவர் நீங்கிச் சென்றபின் பழைய முகவரிக்கு வரும் படிவத்தைத் திறந்து பார்ப்பதற்கு அங்கே ஆளிருக்காது.