ராக் கார்டன்: அரசுக்கே தெரியாம கட்டின தோட்டம்... சண்டிகர் போனா எதைப் பார்க்கணும்?

சண்டிகர் போறவங்க கண்டிப்பா எட்டிப் பார்க்கிற இடம் ராக் கார்டன். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், சுமார் 40 ஏக்கரில் இருக்கு. ஆனா இந்தத் தோட்டம் முதலில் சட்டவிரோதக் கட்டுமானம் என்பது பலருக்குத் தெரியாது.

யார் கட்டினது?

நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1947 பிரிவினையில் சொந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட, குடும்பத்தோடு இந்தியா வந்தவர். பிரெஞ்சு கட்டடக் கலைஞர் லெ கார்புசியே திட்டப்படி சண்டிகர் உருவானபோது, அங்கிருந்த கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளை நேக் சந்த் சைக்கிளில் அள்ளி வந்தார். கட்டடமே கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டுக்குள், 1957 முதல் வேலை முடிந்த பிறகு ரகசியமா சிலை செய்தார். இரவில் வெளிச்சத்துக்குப் பழைய டயரை எரிப்பாராம்.

சுமார் 18 வருஷம் கழித்துத்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடித்திருக்கலாம். ஆனா விஷயம் கேள்விப்பட்டு மக்கள் கூட்டம் கூட்டமா வர, 1976-ல் அரசே திறந்து வைத்து, அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களையும் கொடுத்தது. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

உள்ளே என்ன இருக்கு?

வாசல்கள் பல இடங்களில் தாழ்வா இருக்கும், குனிஞ்சுதான் நுழையணும். இது ஒரு ராஜ்ஜியம், தலை வணங்கி வரணும் என்பது அவர் கற்பனை. அவசரமா போட்டோ எடுத்துட்டு நகராதீங்க, சுவர்களையும் உத்துப் பாருங்க. ஒன்று முழுக்க மண்பானை, இன்னொன்று மின்சார பிளக், ஃபியூஸ் துண்டுகள். வரிசையா நிற்கும் பெண் சிலைகளின் உடை, உடைந்த கண்ணாடி வளையல். மரங்களை வெட்டாம அவற்றைச் சுற்றியே பாதை வளையுது. சில இடங்களில் எது நிஜ வேர், எது சிமென்ட் வேர்னு தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். குழந்தைகளோடு போனா, மூன்றாவது பகுதியில் பெரிய வளைவுகளில் தொங்கும் ஊஞ்சல்கள் இருக்கு. அங்கிருந்து அவங்களைக் கிளப்புறது கஷ்டம்.

இப்போ என்ன பிரச்சனை?

1990-ல் சாலை போட புல்டோசர் வந்தபோது, மக்கள் மனிதச் சங்கிலியா நின்று தடுத்தாங்க. 2025 தொடக்கத்தில் மறுபடியும் இடிப்பு. பக்கத்தில் உள்ள பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தில் வாகன நெரிசலைக் குறைக்க, சாலைக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகரவாசிகள் எதிர்ப்புத் தெரிவித்தும் இந்த முறை சுவர் தப்பவில்லை. நேக் சந்த் அன்று பொறுக்கிச் சேர்த்ததும் இதே மாதிரி இடிபாட்டைத்தான்.