ஐம்பத்தாறு வீரர்களும் அவசரத் தீர்ப்பும்

ஒரு நாடகம் ஊரிலே நற்பெயர் பெற்றுவிட்டால், அதன் இரண்டாம் பாகத்தை மேடையேற்றுவோர் பாடு திண்டாட்டந்தான். திரை விலகி அரை நாழிகை ஆகுமுன்பே, “முதலாவதைப் போல இல்லையே!” என்ற முணுமுணுப்பு முன்வரிசையில் தொடங்கிவிடும். நாவலுக்கும் இந்த விதி உண்டு; திரைப்படத்துக்கும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் இமை கொட்டாது நோக்கும் வீடியோ விளையாட்டுகளுக்கும் அதே விதி உண்டு என்பதைப் பெரியோருள் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஜப்பானிய நிறுவனமாகிய கெப்கொம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மார்வெல் வெர்சஸ் கெப்கொம் 2’ என்ற சண்டை விளையாட்டு, வெளிவந்த காலத்தில் ஒரு விதமான பேச்சையும், இருபது ஆண்டுகள் கழிந்தபின் முற்றிலும் வேறான பேச்சையும் கேட்டது. அந்தக் கதை வீட்டிலுள்ளோருக்கும் மாணவருக்கும் பயன்படும் என எண்ணியே இதனை எழுதுகிறேன்.

இவ்விளையாட்டின் புதுமை யாது? அமெரிக்கச் சித்திரக்கதைப் பதிப்பகமாகிய மார்வெலின் ஸ்பைடர் மான், ஹல்க் முதலிய வீரர்களும், கெப்கொம் நிறுவனம் தன் விளையாட்டுகளுக்கெனப் படைத்த ரியூ, சுன் லீ முதலிய வீரர்களும் ஒரே களத்தில் நின்று பொருதுகின்றனர். வெவ்வேறு கதைகளில் பிறந்தவர்களை இவ்வாறு ஒன்று கூட்டுவது நமக்குப் புதிய செய்தியன்று. பாரதத்தின் வனபருவத்திலே மலர் தேடிச் செல்லும் வீமன், வழியில் படுத்திருந்த அனுமனின் வாலை அசைக்கவும் மாட்டாது நாணி நிற்கிறான்; இராமாயணத்து வீரன் பாரதத்துக்குள் நுழைந்துவிட்டான் அல்லவா? எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடப்படும் அருச்சுனன் தபசில், ஒரு பன்றியின் பொருட்டு விசயனும் வேட வடிவெடுத்த சிவபெருமானும் மோதுகின்றனர். காமன் கூத்திலோ, மன்மதன் கதைக்குச் சிறிதும் தொடர்பற்ற குறவனும் குறத்தியும் நடுவே வந்து ஆடிவிட்டுப் போவதை யாரும் குறை கூறுவதில்லை. இரண்டு கதைகளின் வீரர்கள் எதிர்ப்பட்டால் வெல்வது யார் என்ற ஆவல் மனிதனுக்கு இயற்கையாகவே உள்ளது.

கெப்கொம் அந்த ஆவலைப் படிப்படியாகவே வளர்த்தது. 1991 இல் வந்த ‘ஸ்ட்ரீட் பைட்டர் 2’ அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது. 1994 இல் மார்வெலின் எக்ஸ் மென் வீரர்களைக் கொண்ட விளையாட்டு வந்தது. 1996 இல் இரு கூட்டத்தாரும் முதன்முறையாக எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். 1998 இல் ‘மார்வெல் வெர்சஸ் கெப்கொம்’ என்ற பெயரே பிறந்தது. அதன் இரண்டாம் பாகத்தைத்தான் 2000 இல் எல்லோரும் எதிர்பார்த்திருந்தனர்.

வந்ததைக் கண்டவர்கள் முதலில் வியந்தது எண்ணிக்கையை. ஐம்பத்தாறு வீரர்கள்! அடுத்த கணமே குறைகள் தொடங்கின. வீரர்களுட் பெரும்பாலோர் முந்திய விளையாட்டுகளில் வரைந்த பழைய சித்திரங்களே. அவர்களுக்குப் பின்னால் காட்டப்பட்ட களங்களோ முப்பரிமாணத்தில் பளபளத்தன. புதிய மாளிகையின் சுவரில் பழைய நாட்காட்டிப் படத்தை ஒட்டியதுபோல் இரண்டும் பொருந்தாது நின்றன. முன்னர் ஆறு பொத்தான்கள் அடிப்பதற்கு இருந்தன. இப்போது நான்கே அடிப்பதற்கு. எஞ்சிய இரண்டு துணைவரை அழைப்பதற்கு. சிறு பிள்ளை விளையாட்டாக்கிவிட்டார்களே எனப் பழகிய கைகள் சினந்தன. முன்னர் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி முடிவுக் காட்சி இருந்தது; இதில் யார் வென்றாலும் ஒரே முடிவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக இசை! சங்கும் பேரிகையும் முழங்கவேண்டிய போர்க்களத்திலே, மாலை வேளையில் விருந்துமண்டபத்தில் கேட்பது போன்ற ஜாஸ் பாட்டு மிதந்து வந்தது. இக்குறைகளுள் ஒன்றேனும் பொய்யன்று. இன்று பார்ப்பவருக்கும் அவை தெரியும்.

ஆனால் இவை யாவும் கண்ணும் காதும் கண்ட குறைகள். கை கண்டறியவேண்டியது வேறொன்று இருந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஒவ்வோர் ஆட்டக்காரரும் மூன்று வீரர்களைத் தெரிவு செய்யவேண்டும். ஒருவன் களத்தில் நிற்பான். ஏனைய இருவர் பின்னணியில் காத்திருப்பர். ஒரு பொத்தானை அழுத்தினால் காத்திருப்பவன் பாய்ந்து வந்து ஓர் அடி அடித்துவிட்டு மறைவான். வந்த அந்தக் கணத்தில் எதிரி அவனையும் அடிக்கலாம். களைத்தவனைப் பின்னே அனுப்பிவைத்தால் இழந்த வலிமையில் ஒரு பகுதி மெல்ல மீளும். துணைவன் எவ்வகை உதவி செய்யவேண்டும் என்பதையும், மூன்று வகைகளுள் ஒன்றாக, ஆட்டம் தொடங்குமுன்பே குறித்துவிடவேண்டும். ஆக, நல்ல வீரர் மூவரைப் பொறுக்கினால் நல்ல அணி அமைந்துவிடாது. ஒருவனுடைய குறையை மற்றொருவன் மறைக்கவேண்டும். ஐம்பத்தாறு பேரிலிருந்து மூவரைக் கூட்டும் வழிகள் இருபத்தேழாயிரத்துக்கும் மேல் என்பதைக் கணித மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். எளிதாக்கிவிட்டார்கள் என்று முதலில் பழிக்கப்பட்ட அந்த இரண்டு பொத்தான்களில்தான் இத்தனை நுட்பமும் அடங்கிக் கிடந்தது.

இதற்காக இவ்விளையாட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆட நான் முன்வரவில்லை. ஐம்பத்தாறு பேர் என்று பறை சாற்றினார்களே, போட்டிக் களத்தில் நிலைத்தவர் எத்தனை பேர்? மக்னீட்டோ, ஸ்டோர்ம், சென்டினல், கேபிள் ஆகிய நால்வரை ஆட்டக்காரர்கள் ‘நான்கு தெய்வங்கள்’ என்றே அழைக்கலாயினர். நால்வரும் மார்வெல் பக்கத்தவர். எஞ்சியோரிற் பலர் திருமண வீட்டில் பந்திக்கு அழைக்கப்படாத உறவினர்போல் ஒதுங்கி நின்றனர். அயன் மேன் ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால் எதிரி விழும்வரை அடி ஓயாது; அகப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கவேண்டியதுதான். இது கலையன்று, கொடுமை. ஆயினும் அமெரிக்காவின் ஈவோ என்னும் பெரும் போட்டியில் இவ்விளையாட்டு 2010 வரை இடம்பெற்றது. நியூயோர்க்கைச் சேர்ந்த ஜஸ்டின் வோங் என்ற இளைஞர் பலமுறை அதில் வாகை சூடினார். குறைகள் நிறைந்த ஒன்று பத்தாண்டுகள் களத்தில் நிற்பது எளிதன்று.

ஒதுக்கப்பட்டோர் வரிசையில் நம்மவர் என்று சொல்லத்தக்க ஒருவரும் உளர். டால்சிம் என்ற அந்த இந்திய யோகி, கழுத்திலே மண்டையோட்டு மாலையுடன் கை கால்களை முழக்கணக்கில் நீட்டி, வாயால் நெருப்பும் உமிழ்கிறார். பதஞ்சலி முனிவர் கண்டிருப்பாராயின் என்ன சொல்லியிருப்பாரோ! சீனத்துக் குரங்கு வீரனின் கதையைத் தழுவிப் பிறந்த சொன்சொன் என்ற வானரப் பெண், திடீரெனப் பேருருவெடுத்து நிற்பதைக் கண்டால் நம் இல்லத்துக் குழந்தைகள் அனுமனின் விசுவரூபத்தையே நினைப்பர்.

இங்கே கொட்டகலையில் மாணவரிடையே இவ்விளையாட்டு மீண்டும் பேசப்படுவதற்குக் காரணமுண்டு. இரு நிறுவனங்களின் பொதுச் சொத்தாக இருந்தமையால், உரிம ஒப்பந்தம் முடிந்ததும் 2013 இறுதியில் இது இணையக் கடைகளிலிருந்து இறக்கப்பட்டது. அதனைத் திரும்பத் தரும்படி ரசிகர்கள் பல ஆண்டுகள் வேண்டினர். 2024 செப்டெம்பரில், பழைய விளையாட்டுகள் ஏழினைக் கொண்ட தொகுப்பில் இதுவும் மீண்டு வந்தது. அதனை முதன்முறையாகக் கண்ட என் மாணவர் சிலரின் கருத்து, “படம் ரொம்பப் பழசு சேர்” என்பதே. 2000 ஆம் ஆண்டின் முதல் முணுமுணுப்பு அப்படியே திரும்பி வந்தது!

அவர்களுள் ஒருவனுடைய தாய், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு மாலையில் என்னைக் கண்டு முறையிட்டார். “எந்நேரமும் அடிதடியத்தான் பாக்குறான் சேர். அந்தக் கம்பியூட்டர வித்துப்புடலாமான்னு இருக்கு.” கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மூத்த மகன் மிச்சம் பிடித்து வாங்கி அனுப்பிய பழைய கணினி அது. இளையவனுக்கோ சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. தாயின் அச்சத்தை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. லயத்து வீட்டில் ஒரு பரீட்சைப் பெறுபேறு என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இங்கு வாழ்பவர் அறிவர்.

பையனை அழைத்து ஒன்றே கேட்டேன்: மூன்றாவது ஆளாக யாரைச் சேர்த்தாய், ஏன்? “கெப்டன் கொமாண்டோ சேர். தனியா நின்னா பெரிய பலம் இல்ல. ஆனா கூப்பிட்டா மின்னல் மாதிரி ஒரு தூண் எழுப்புவான். மேல பாஞ்சு வாறவன் தடுக்கப்பட்டுருவான். மத்த ரெண்டு பேருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.” கட்டுரை வகுப்பில் மூன்று வரி சேர்த்து எழுதாத பையன், காரணத்தோடு இவ்வளவும் சொன்னான். கணினியை விற்கவேண்டாம் என்றும், வாரநாட்களில் அதைத் தொடாமல் ஞாயிறன்று இரண்டு மணி நேரம் மட்டும் விளையாடட்டும் என்றும் தாயிடம் கூறினேன். அவர் முழுதாக இசைந்தார் என்று சொல்லமுடியாது. ஒரு தவணை பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார். பையனிடம், அந்தத் தூணின் காரணத்தை ஒரு பக்கக் கட்டுரையாக எழுதி வரும்படி பணித்திருக்கிறேன்.

பின்வந்த பாகங்கள் என்னவாயின எனச் சிலர் கேட்கலாம். மூன்றாம் பாகம் 2011 பெப்ரவரியில் முப்பத்தாறு பேருடன் வந்தது. ஒன்பது மாதங்களுள் நாற்பத்தெட்டுப் பேர் கொண்ட திருத்திய பதிப்பும் வரவே, இருமுறை பணம் கொடுக்கவேண்டியிருந்தோர் கொதித்தெழுந்தனர். அந்தப் பதிப்பில் ஒரு வழக்கறிஞர்கூட சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டே சண்டையிடுகிறார். அவரைப் படைத்த குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 2017 இல் வந்த ‘இன்பினிட்’ பாகத்துக்கோ முதல் பார்வையே முடிவுரையாயிற்று. எக்ஸ் மென் வீரர் ஒருவரும் இல்லை. முன்னோட்டத்தில் சுன் லீயின் முகத்தைக் கண்டு உலகமே நகைத்தது. நிறுவனம் அம்முகத்தைத் திருத்தியும் பயன் விளையவில்லை. அடுத்த ஆண்டு ஈவோவின் பிரதான வரிசையில் அதற்கு இடமில்லை. ஆடிப் பழகியவர்களோ, உள்ளேயுள்ள சண்டை முறை நன்றே என்று அப்போதே கூறினர். அவர் சொல் எடுபடவில்லை. இறுதியில், 2024 இல் ரசிகர்கள் தாமே கூடி அதற்குப் புதிய தோற்றம் வரைந்து இலவசமாக வெளியிட்டனர்.

இரண்டாம் பாகத்தின் அந்த ஜாஸ் பாட்டு மட்டும் மாறவில்லை. புதிய தொகுப்பிலும் வீரர்களைத் தெரிவு செய்யும் வேளையில் அது பழையபடியே ஒலிக்கிறது. அன்று பழிக்கப்பட்ட அதனை, இன்று எங்கள் பையன்கள் தேயிலைச் சரிவுப் பாதையில் நடக்கும்போது முணுமுணுத்துக்கொண்டு செல்கிறார்கள்.