விழுந்த கல்லின் முகவரி

நள்ளிரவில் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும் நெருப்புக் கோட்டைப் பார்த்த எவரிடமும் கேளுங்கள். "அந்தத் தோப்புக்குப் பின்னாலதான் விழுந்துச்சு" என்று கை காட்டுவார். பக்கத்து ஊர்க்காரர் தன் ஊர் ஏரிக்கரையைக் காட்டி அதையே சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருட்டு வானத்தில் தூரத்தை அளக்க நம் கண்ணுக்கு வழியில்லை, அவ்வளவுதான். தரையில் கல்லைப் போடும் பெரிய எரிமீன்கூடப் பொதுவாக 20, 30 கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். அடிவானத்திலிருந்து அந்த ஒரு முஷ்டி உயரத்தில், தரைக்கு மேலே 25 கிலோமீட்டரில் ஒளி அணைந்தது என்றால், அந்த இடம் பார்த்தவரிடமிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் நின்று மேற்கே இதைப் பார்த்தவர் கல்லைத் தேட வேலூரைத் தாண்டிப் போக வேண்டும்.

எரிமீனைப் பார்ப்பது ஒரு வேலை. விண்கல்லைக் கண்டெடுப்பது வேறொரு வேலை. இரண்டும் ஒரே கல்லில் வந்து சேர்வது அபூர்வம். சேர்ந்துவிட்டால், அந்தக் கல் சூரியக் குடும்பத்தின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

எது கல்லைத் தரும்?

சூரியனைச் சுற்றிவரும் பாறைத் துணுக்குகள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. அந்த வேகத்தில் எதிரே இருக்கும் காற்று நசுங்கி, ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடாகிறது. துணுக்கின் மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. அந்த ஆவியும் சூடேறிய காற்றும் விடும் வெளிச்சம்தான் எரிமீன். நாம் சாதாரணமாகப் பார்க்கும் எரிமீன்களுக்குக் காரணமானவை பெரும்பாலும் மணல் பருக்கை அளவுள்ளவை. தரைக்கு 80 கிலோமீட்டர் மேலேயே தீர்ந்துபோகின்றன. ஆகஸ்ட் 12, 13 வாக்கில் உச்சத்துக்கு வரும் பெர்சீட் பொழிவு, ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்வெள்ளி விட்டுச்சென்ற தூசி. அது நொடிக்குச் சுமார் 59 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. இரவெல்லாம் அது எத்தனை கோடு கிழித்தாலும், விடிந்ததும் தோட்டத்தில் கல் தேட வேண்டியதில்லை.

கல்லைத் தரும் எரிமீனின் போக்கு வேறு. வெள்ளிக் கோளை மிஞ்சும் பிரகாசத்தோடு வரும் அதைத் தீக்கோளம் என்கிறார்கள். ஒப்பீட்டளவில் மெதுவாக வந்து, சில நொடிகள் நீடித்து, பல துண்டுகளாகச் சிதறி, மிகத் தாழ்வாக இறங்கி அணைந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஒளியைப் பார்த்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இடி முழக்கம் கேட்டால் நம்பிக்கை இன்னும் கூடும். ஒலி தரைக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

இந்தத் தாமதம் ஆபத்தானதும்கூட. 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை ஒன்று வெடித்துச் சிதறியது. கண்ணைக் கூசவைத்த வெளிச்சத்தைக் கண்டவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். அதற்குள் அதிர்ச்சி அலை வந்து சேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பெரும்பாலான காயங்கள் உடைந்த கண்ணாடியால் ஏற்பட்டவை. கல் பட்டவை அல்ல. வானத்தில் பகல்போல வெளிச்சம் வந்தால் ஜன்னலைவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது அன்று உலகம் கற்ற பாடம்.

இருட்டில் இறங்கும் கல்

காற்றின் எதிர்ப்பில் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்ததும் மேற்பரப்பு உருகுவது நின்றுவிடுகிறது. வெளிச்சமும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு கல், யார் கண்ணிலும் படாமல், சில நிமிடங்கள் விழுந்துகொண்டே இருக்கும். வந்த வேகமெல்லாம் தீர்ந்துபோய், மேலிருந்து கைவிட்ட கல்லைப் போலத்தான் கடைசியில் இறங்கும். கைக்கடக்கமான கல் என்றால் தரையைத் தொடும்போது மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம் இருக்கலாம். பெரும் பள்ளமெல்லாம் விழாது.

அந்தச் சில நிமிடங்களில் மேல்வானக் காற்று தன் வேலையைக் காட்டுகிறது. களத்தில் நெல் தூற்றும்போது மணி காலடியில் விழ, பதர் தள்ளிப் போவதைப்போல, சிறிய துண்டுகளைக் காற்று பல கிலோமீட்டர் இழுத்துச் செல்லும். கனமானவை வந்த திசையிலேயே நெடுந்தூரம் ஓடி விழும். அதனால் துண்டுகள் சிதறும் நிலம் நீள்வட்டமாக அமைகிறது: ஒரு முனையில் பொடிகள், மறு முனையில் பெரிய கற்கள். தேடப் போகிறவர்கள் முதலில் கேட்டு வாங்குவது அன்றைய நாளின் காற்று விவரத்தைத்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை, விழுந்த கல் நெருப்பாகத் தகிக்கும் என்பது. உருகிய மேல்தோல் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூடத் தேறாது. உள்ளே இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் விண்வெளிக் குளிரில் கிடந்த பாறை. சில நொடிச் சூடு அதன் நடுவரை போய்ச் சேர்வதில்லை. விண்கல் விழுந்து வைக்கோற்போர் பற்றிக்கொண்டது என்று யாராவது சொன்னால், தீக்கு வேறு காரணம் தேடுவதே நல்லது.

சாட்சியும் கல்லும்

வானத்திலிருந்து கல் விழும் என்பதை 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் குடியானவர்களின் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். 1794இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் இந்தக் கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என்று எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்ஸின் லேக்ல் என்ற ஊரைச் சுற்றிச் சுமார் 3,000 கற்கள் பொழிந்தன. விசாரிக்க அனுப்பப்பட்ட ழான்-பாப்திஸ்த் பியோ என்ற இளம் இயற்பியலாளர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்களிடமும் கேட்டவர்களிடமும் தனித்தனியே பேசினார். விழுந்த கற்கள் அந்த வட்டாரத்துப் பாறைகளோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். அவை கிடந்த நிலத்தை நீள்வட்டமாக வரைபடத்தில் குறித்தார். சாட்சியும் கல்லும் ஒன்றாக வந்து நின்றபோதுதான் வாதம் முடிந்தது.

ஆனால் சாட்சியின் சொல்லிலிருந்து துல்லியமான பாதையைக் கணக்கிடுவது கடினம். அந்தக் குறையைத் தீர்த்தது கேமரா. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒன்ட்ரெஜோவ் ஆய்வகத்தில் ஸ்டெனெக் செப்லெக்கா, சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்களை அமைத்து இரவு வானத்தைப் படமெடுத்துவந்தார். இரண்டு இடங்களிலிருந்து ஒரே கோட்டைப் படமெடுத்தால் அதன் உயரமும் திசையும் கிடைத்துவிடும். கேமராவின் முன்னே சுழலும் தகடு அந்தக் கோட்டைச் சமமான கால இடைவெளியில் வெட்டுவதால் வேகமும் கிடைக்கும். 1959 ஏப்ரல் 7 இரவு ஒரு பெரும் தீக்கோளம் இந்தக் கேமராக்களில் சிக்கியது. கணக்கிட்ட இடத்துக்கு அருகே, ப்ரிப்ராம் நகர்ப் பக்கம், மொத்தம் 5.8 கிலோ எடையில் நான்கு கற்கள் கிடைத்தன. பாதையைப் பின்னோக்கி நீட்டினால் அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் போய் நின்றது. படத்தை வைத்துச் சுற்றுப்பாதை கணக்கிடப்பட்ட முதல் விண்கல் அதுதான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? உலகில் பெயரிட்டுப் பதிவான விண்கற்கள் 70,000க்கும் அதிகம். அவற்றில் பாதிக்கும் மேல் அண்டார்க்டிகாவில் கிடைத்தவை. அங்கே பனியில் புதைந்த கற்களைப் பனிப்பாளம் மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறது. மலை குறுக்கிடும் இடத்தில் பனி தேங்கிக் காற்றில் கரைய, கற்கள் மேலே வந்து குவிகின்றன. 1969இல் ஜப்பானியக் குழு ஒன்று யமாட்டோ மலைப் பகுதியில் ஒன்பது கற்களைக் கண்டெடுத்தபோது தொடங்கியது இந்த அறுவடை. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கற்களின் வயதையும் சேர்மானத்தையும் சொல்லிவிடலாம். எந்தப் பாதையில் வந்தன என்று சொல்ல முடியாது. சுற்றுப்பாதை தெரிந்த கற்கள் இன்றும் சில பத்துக்களில்தான் இருக்கின்றன.

முன்கூட்டியே தெரிந்த விருந்தாளி

2008 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் கேட்டலினா வான் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கோவால்ஸ்கி, நகரும் புள்ளி ஒன்றைத் தொலைநோக்கியில் கண்டார். 2008 டிசி3 என்று பெயரிடப்பட்ட அந்தச் சிறுகோள் சுமார் 4 மீட்டர் அகலம். 20 மணி நேரத்தில் சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே அது காற்றில் நுழையும் என்று கணக்குச் சொன்னது, அப்படியே நடந்தது. மோதுவதற்கு முன்பே விண்வெளியில் பார்க்கப்பட்ட முதல் சிறுகோள் அது. ஏறத்தாழ 37 கிலோமீட்டர் உயரத்தில் அது சிதறியதால் எதுவும் தரைக்கு வந்திருக்காது என்று பலர் நினைத்தார்கள்.

டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷத்தாத் தன் மாணவர்களோடு பாலைவனத்தில் இறங்கினார். வானியலாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் உடன் போனார். வரிசையாக நின்று, மணலைப் பார்த்தபடி நடந்தார்கள். டிசம்பர் 6 அன்று முதல் கறுப்புத் துண்டு அகப்பட்டது. தொடர்ந்த தேடல்களில் சுமார் 600 துண்டுகள், 10 கிலோவுக்கும் மேல் சேர்ந்தன. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரால் அவை அல்மஹாத்தா சித்தா எனப்பட்டன. விண்வெளியில் அந்தச் சிறுகோள் எதிரொளித்த ஒளியையும் தரையில் கிடைத்த கல் எதிரொளிக்கும் ஒளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்றுதான் வாய்த்தது.

இங்கிலாந்தின் வின்ச்கோம்ப் ஊரில் நடந்தது வேறு கதை. 2021 பிப்ரவரி 28 இரவு ஒரு தீக்கோளம் பல கேமராக்களில் பதிவானது. மறுநாள் காலை ஒரு வீட்டின் முன்பாதையில் கரித்தூள் கொட்டியதுபோல ஒரு குவியலைக் கண்ட குடும்பத்தினர் அதைப் பத்திரமாக அள்ளிவைத்தார்கள். மழையில் நனைவதற்குள் கைக்கு வந்த அந்தத் தூள், கரிமம் நிறைந்த அரிய வகை. அதன் கனிமங்களுக்குள் பிணைந்திருந்த நீரின் ஹைட்ரஜன், நம் கடல்நீரை ஒத்திருந்தது. பூமியின் நீரில் ஒரு பங்கு இப்படிப்பட்ட சிறுகோள்களிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

தேடும் முறைகளும் மாறிவருகின்றன. இருட்டில் விழும் துண்டுகளை வானிலை ரேடார் சில நேரம் காட்டிக்கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகக் குழு, ட்ரோன் எடுத்த படங்களில் விண்கல்லை அடையாளம் காணக் கணினியைப் பழக்கி, 70 கிராம் கல் ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறது.

கையில் கிடைத்தால்

விண்கல் என்று கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பாலானவை உலையில் வடிந்த இரும்புக் கிட்டம், அல்லது காந்தக்கல். சில அடையாளங்கள் உதவும். புதிதாக விழுந்த கல்லின் மேல்தோல் மெல்லிய கறுப்பாக இருக்கும். விரலால் அழுத்தியதுபோன்ற குழிகள் தென்படலாம். அளவுக்கு மீறிக் கனக்கும். உடைந்த முகத்தில் பளபளக்கும் உலோகத் துகள்களும் சிறு உருண்டைகளும் தெரியும். இரும்புக் கிட்டத்தில் இருப்பதுபோலக் காற்றுக் குமிழி ஓட்டைகள் இருந்தால் அது விண்கல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சக்திவாய்ந்த காந்தத்தை ஒட்டிப் பார்க்க வேண்டாம். கல்லுக்குள் பதிந்திருக்கும் தொன்மையான காந்தப் பதிவு அழிந்துவிடும். கழுவவும் கூடாது. கிடந்த இடத்திலேயே படமெடுத்து, சுத்தமான பையில் எடுத்துவைத்து, இந்தியாவில் விண்கற்களைப் பாதுகாக்கும் புவியியல் ஆய்வு மையத்துக்குச் சொல்லலாம்.

கல்லே கிடைக்காவிட்டாலும் பார்த்தது வீண்போகாது. நின்ற இடம், நேரம், ஒளி தொடங்கிய திசை, அணைந்த திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம், ஓசை எத்தனை நொடி கழித்து வந்தது: இவற்றை உடனே எழுதிவையுங்கள். சர்வதேச எரிமீன் அமைப்பு இத்தகைய தகவல்களைப் பொதுமக்களிடமிருந்து வாங்குகிறது. கேமராவில் தீக்கோளமே விழ வேண்டும் என்பதில்லை. செல்யாபின்ஸ்கில் விளக்குக் கம்பங்களின் நிழல் நகர்ந்ததை வைத்தே பாதையைக் கணக்கிட்டார்கள்.

1857 பிப்ரவரி 28 அன்று மதுரை வட்டாரத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. மொத்தம் சுமார் 77 கிலோ. பார்னல்லி என்ற பெயரில் உலகப் பட்டியலில் இடம்பெற்ற அந்த விண்கல்லின் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கனிமங்களைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். வந்த பாதையை மட்டும் அன்று அளக்க வழியில்லை. நாளை அப்படியொரு கல் மதுரைக்கு மேலே வந்தால், கடைக்குக் கடை மாட்டியிருக்கும் கேமராக்கள் செப்லெக்காவின் இரண்டு நிலையங்கள் செய்ததைச் செய்துவிடும். அந்தக் கேமராக்கள் சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். அதற்குள் யாராவது அந்தப் பதிவை எடுத்து வைத்துவிட வேண்டும்.