உள்ளங்கைத் திரையில் பழைய விளையாட்டுகள்

பாட்டியின் காசுமாலையை அழித்துப் பேத்திக்குச் சங்கிலி செய்வது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். பொன் அதே பொன்தான். ஆயினும் உருக்கி, அடித்து, நீட்டி முடிக்கையில் சிறிது பொன் குறைந்தே தீரும். அதனைச் சேதாரம் என்கிறோம். மாலையைப் பொற்கொல்லரிடம் கொடுப்பதற்கு முன்னர் வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். அழிக்காவிடில் அதை அணிவார் இல்லை. அழித்துவிட்டாலோ பாட்டியின் மாலை இல்லை. இரண்டில் எது நட்டம்?

இதே வழக்கு நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலும் நடந்து வருகின்றது. அதுதான் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு ஆடும் வீடியோ விளையாட்டு உலகம். "வெறும் விளையாட்டுத்தானே" என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடும் அவ்வுலகில், பெரிய திரைக்கென்று பிறந்த ஆட்டங்களை உள்ளங்கை அளவுள்ள கருவிக்கென மீண்டும் ஆக்கியோர் உண்டு. அவர்கள் எதைக் காத்தனர், எதை இழந்தனர் என்று அறிவது நமக்கும் பயன் தரும்.

தாவலே உயிர்

மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டு என ஒரு வகை உண்டு. பள்ளத்தைத் தாண்டி, ஏணியில் ஏறி, எதிர்ப்படும் பகையை விலக்கி, குறித்த இடத்தை அடைய வேண்டும். இவ்வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டாங்கி காங்' என்னும் ஆட்டம். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் பூச்சீட்டுகள் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனமே அதனை வெளியிட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பிய வேறோர் ஆட்டப் பொறி விற்காமல் தேங்கிவிட, அப்பொறிகளுக்குள் பொருத்தத் தக்க புதியதோர் ஆட்டத்தை உருவாக்கும் பொறுப்பு ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் கலைஞரிடம் வந்தது. பெருங்குரங்கொன்று ஒரு பெண்ணைத் தூக்கிச் செல்கிறது. தச்சன் ஒருவன் உருண்டுவரும் பீப்பாய்களைத் தாவிக் கடந்து மேலேறி அவளை மீட்க வேண்டும். இதுவே கதை. மொத்தம் நான்கே கட்டங்கள்.

அத்தச்சனே பின்னர் மரியோ எனப் பெயர் பெற்றான். 1985-இல் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வெளியாயிற்று. 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். மரியோ ஓட ஓடக் காட்சியும் வலப்புறமாக நகரும்.

இத்தகைய ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது? ஓவியத்திலும் இசையிலும் மட்டுமன்று. முன்னே வருவதைக் காண்கிறோம், தொலைவைக் கணிக்கிறோம், தக்க நொடியில் தாவுகிறோம். காட்சி, கணிப்பு, தாவல் ஆகிய இம்மூன்றும் இசைந்திருந்தால் தோற்றவனும், "பிழை என்னுடையதே" என்று ஒப்புக்கொள்வான். ஒன்று குலைந்தாலும், "ஆட்டம் என்னை ஏமாற்றிவிட்டது" என்பான். நீதியான விளையாட்டு என்பதன் இலக்கணம் இதுவேயன்றோ?

பழகிய பொருளின் புதிய பயன்

இனி, கையடக்கக் கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். குன்பெய் யோக்கோய் என்பவர் 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே அவருக்கு முதலில் அளிக்கப்பட்ட வேலை. புத்தம் புதிய, விலை மிகுந்த நுட்பத்தைத் தேடி ஓடாமல், நன்கு பழகி விலை மலிந்துவிட்ட நுட்பத்திற்குப் புதுப் பயன் காண வேண்டும் என்பது அவர் கொள்கை. சட்டைப்பைக் கணக்குப் பொறிகளில் பயன்பட்ட திரவப் படிகத் திரையைக் கொண்டு 1980-இல் அவர் சிறு விளையாட்டுக் கருவிகள் செய்தார். 1982-இல் அவ்வரிசையில் டாங்கி காங் வந்தபோது, இடப்புறக் கட்டைவிரலுக்கென்று கூட்டல் குறி வடிவிலான திசைப் பொத்தானை அமைத்தார். பின்னர் வந்த எத்தனையோ கருவிகளில் இடம்பெற்ற அப்பொத்தான், பெரிய ஆட்டத்தைச் சிறு கருவிக்குள் கொணரும் முயற்சியிலே பிறந்ததாகும்.

1989-இல் யோக்கோயின் குழுவினர் 'கேம் பாய்' கருவியை அளித்தனர். அதன் திரை 160 புள்ளி அகலமும் 144 புள்ளி உயரமும் கொண்டது. நிறம் இல்லை, நான்கு சாயல்கள் மட்டுமே. திரைக்கு உள்ளொளியும் இல்லை. ஏனைய நிறுவனங்களோ வண்ணத் திரையுடன் போட்டிக்கு வந்தன. ஆனால் வண்ணத்திரை மின்கலங்களை விழுங்கியது. கேம் பாய் நான்கு சிறு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தது. அதுவும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கும் மேல் விற்றன. எளிமை தோற்கவில்லை.

நான்கு கட்டங்கள் நூற்றொன்றான விதம்

1994-இல் டாங்கி காங் கேம் பாய்க்கென மீண்டும் ஆக்கப்பட்டது. ஆட்டக்காரர் தொடங்குகிறார். அதே இரும்பு உத்தரங்கள், அதே ஏணிகள், அதே பீப்பாய்கள். பழைய நான்கு கட்டங்களும் வரிசையாக வருகின்றன. குரங்கு விழுகிறது, பெண் மீட்கப்படுகிறாள். 1981-இல் கதை இங்கே முடிந்தது. இங்கோ, விழுந்த குரங்கு எழுந்து மீண்டும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது! அதன் பின்னே காத்திருப்பவை 97 புதிய கட்டங்கள். ஆக மொத்தம் 101.

புதிய கட்டங்களில் வெறும் தாவல் போதாது. சாவியைத் தேடியெடுத்துப் பூட்டிய கதவு வரை சுமந்து செல்ல வேண்டும். மரியோ தலைகீழாகக் கைகளில் நிற்கவும், பின்புறமாகச் சுழன்று எழவும் கற்றிருந்தான். விரைவை நம்பிய ஆட்டம் சிந்தனையை நம்பும் ஆட்டமாயிற்று. கட்டங்களும் சிறியவை, சில கட்டங்களுக்கு ஒருமுறை சேமித்து வைத்துவிட்டு, இரயில் நிலையம் வந்ததும் இறங்கிவிடலாம். திரையின் சிறுமையைக் குறையாக எண்ணி வருந்தாமல், அச்சிறுமைக்கு ஏற்ற புது வடிவத்தையே கண்டனர். பழையதற்கு முதல் வணக்கம் செலுத்திவிட்டு, பிறகு தம் சொந்த வழியில் நடந்தனர். மறு ஆக்கங்களுள் இது சிறந்ததெனப் பலர் இன்றும் போற்றுவது தகும்.

சாளரம் சுருங்கியபோது

1999-இல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 'டீலக்ஸ்' என்னும் அடைமொழியுடன் கேம் பாய் கலர் கருவிக்கு வந்தது. இங்கேதான் சேதாரம் கண்கூடாகத் தெரிகிறது.

மூல ஆட்டத்தின் காட்சி 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். ஒரு செங்கல் 16 புள்ளி. எனவே அகலத்தில் 16 செங்கற்களும் உயரத்தில் 15 செங்கற்களும் ஒருசேரத் தெரியும். சிறு திரையிலோ 10 செங்கற்கள் அகலம், 9 செங்கற்கள் உயரம். பரப்பளவில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். ஆக்கியோர் முன் இரு வழிகள் இருந்தன. உருவங்களைச் சுருக்கலாம், 1989-இல் கேம் பாய்க்கெனப் புதிதாகச் செய்த 'சூப்பர் மரியோ லேண்ட்' அவ்வழியே சென்றது. அன்றி, உருவங்களை அப்படியே வைத்துப் பார்வையைக் குறுக்கலாம். டீலக்ஸ் இரண்டாம் வழியைத் தேர்ந்தது.

விளைவு யாது? மரியோவின் ஓட்டமும் தாவலும் பழையபடியே இருந்தன. ஆனால் முன்னே தெரியும் தொலைவு குறைந்தது. பகை திடீரெனத் தோன்றிற்று. உயரத்தில் நிற்கையில் கீழே பள்ளமா தரையா என்பது தெரியவில்லை. மேலும் கீழும் பார்வையை நகர்த்திப் பார்க்க வசதி செய்தனர் எனினும், ஓடுகிறவன் நின்று பார்ப்பது எங்ஙனம்? தாவலைக் காத்தனர், காட்சியில் இழந்தனர். மும்மையில் ஒன்று தளர்ந்தது.

ஆயினும் வஞ்சகமின்றி ஈடு செய்ய முயன்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். மூலத்தில் இல்லாத சேமிப்பு வசதியைத் தந்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து சிவப்பு நாணயங்களையும் ஒரு முட்டையையும் ஒளித்துவைத்து, பழகிய பாதையை மறுபடி ஆராயச் செய்தனர். இருவர் தத்தம் கருவிகளைக் கம்பியால் இணைத்துப் போட்டியிடவும் வழி வகுத்தனர். குறுகிய சாளரத்தின் வழியே காணும்போதும் தோட்டம் செழிப்பாகவே இருந்தது.

ஒளியும் விரலும்

2001-இல் 'கேம் பாய் அட்வான்ஸ்' வந்தது. அதன் திரை 240 புள்ளி அகலம், 160 புள்ளி உயரம். பழைய மரியோ ஆட்டங்கள் அதற்கென ஒன்றன்பின் ஒன்றாக, 2001 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. இம்முறை இடர் திரையின் ஒளியில் இருந்தது. முதலில் வந்த அக்கருவிக்கு உள்ளொளி இல்லாமையால் அடர்ந்த நிறங்கள் இருண்டு தோன்றின. எனவே மறு ஆக்கங்களில் நிறங்களை வேண்டுமென்றே வெளிறச் செய்தனர். 2003-இல் விளக்குடன் கூடிய கருவி வந்தபோது அந்த வெளிறல் தேவையற்றதாயிற்று. ஆனால் ஆட்டங்களோ வெளிறியபடியே நின்றன. ஒரு காலத்தின் குறைக்காகச் செய்த மருந்து, குறை தீர்ந்த பின்னரும் உடலில் தங்கிவிட்டது போலும்!

விரல்களுக்கும் இடர் வந்தது. வீட்டுக் கருவியின் முகப்பில் நான்கு பொத்தான்கள் இருந்த இடத்தில் இங்கே இரண்டே இருந்தன. 2004-இல் இரு திரைக் கருவியான 'டிஎஸ்' வெளிவந்தபோது 1996-ஆம் ஆண்டின் 'சூப்பர் மரியோ 64' அதற்கென மீண்டும் ஆக்கப்பட்டது. மூலத்தில் 120 நட்சத்திரங்கள், இதில் 150. மரியோவுடன் வேறு மூன்று பாத்திரங்களும் ஆட வந்தன. ஆனால் மெல்லச் சாய்த்தால் நடையும் முழுதும் சாய்த்தால் ஓட்டமும் தந்த அந்தச் சிறு நெம்புகோல் புதிய கருவியில் இல்லை. நட்சத்திரங்கள் பெருகின, நடையின் நயம் குறைந்தது. எண்ணிக்கை கூடுவதெல்லாம் வளர்ச்சியாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பழையதையும் பெட்டியில் வைத்தவர்கள்

இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தொட்டது 2004-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த 'மெட்ராய்ட்: ஜீரோ மிஷன்' ஆகும். 1986-இல் வந்த மெட்ராய்ட் ஆட்டம், சாமஸ் என்னும் வீராங்கனை வேற்றுக் கோளின் குகைகளில் வழி தேடும் கதை. அதில் வரைபடம் கிடையாது. ஆட்டக்காரரே தாளில் வரைந்துகொண்டால்தான் உண்டு. மறு ஆக்கத்தில் வரைபடம் தந்தனர், ஓவியத்தைப் புதுப்பித்தனர், பழைய முடிவுக்குப் பின்னர், கவசம் இழந்த சாமஸ் மறைந்து மறைந்து தப்பும் புதியதோர் அத்தியாயத்தையும் சேர்த்தனர்.

இவ்வளவும் செய்தபின் இன்னொன்றும் செய்தனர். ஆட்டத்தை முடிப்பவருக்கு 1986-ஆம் ஆண்டின் மூல ஆட்டமே, எவ்வித மெருகுமின்றி, அதே பேழைக்குள் திறந்து கிடைக்கும். "நாங்கள் செய்தது இது, எங்களுக்குக் கிடைத்தது அது, இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்வது போன்ற நேர்மை அது. பேத்திக்குப் புதுச் சங்கிலியும் செய்து, பாட்டியின் மாலையையும் அழியாமல் காத்துக் கொடுத்தது போன்றது.

இந்நேர்மை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. 2023-இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இனி விலைகொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. மறு ஆக்கங்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. மரியோ டீலக்ஸ் போன்ற ஆட்டங்களின் பேழைக்குள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. சேமித்தவற்றைக் காப்பது அதுவே. ஆண்டுகள் செல்ல அது தீர்ந்துவிடும்; தீர்ந்தால் சேமித்தவை அழியும். அவ்வாட்டத்தைப் பின்னர் இணையவழி விற்ற 3டிஎஸ் கடையும் 2023 மார்ச் 27-இல் விற்பனையை நிறுத்திக்கொண்டது. மறு ஆக்கம் பழையதைக் காக்கும் என்று நம்பியிருந்தோம். இப்போது மறு ஆக்கத்தையே காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்புள்ள பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கையில் இத்தகைய ஆட்டம் ஒன்றைக் கண்டால், எவ்வளவு நேரம் ஆடலாம் என்று வரையறுப்பது உங்கள் கடமை, அதில் ஐயமில்லை. அதனோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "இது முதலில் எப்போது வந்தது? இதில் எது பழையது, எது புதியது?" பிள்ளைக்குத் தெரியாவிடில் இருவரும் சேர்ந்து தேடுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கியோட்டோவில் ஒருவர் வரைந்த தாவல், இன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு குழந்தையின் கட்டைவிரலில் வாழ்வதை அறியும்போது, அக்குழந்தை பொருளின் பின்னே உழைத்த மனிதரையும் நினைக்கக் கற்கும்.

நாமும் நம் முன்னோரிடமிருந்து பெற்ற பாட்டையும் சமையலையும் பழக்கத்தையும் சிறியதொரு வீட்டிற்குள், குறுகியதொரு நேரத்திற்குள் அடக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே முயல்கிறோம். சேதாரம் வரத்தான் செய்யும். அதற்கஞ்சிக் கொடாதிருத்தல் தவறு. சேதாரமே இல்லை என்று சாதிப்பதும் தவறு. எது குறைந்தது என்று அறிந்து, அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிக் கொடுப்போமாக. குறைந்தது இன்னதென்று தெரிந்த பிள்ளை, என்றேனும் ஒருநாள் அதனைத் தேடிச் செல்லும்.